சாவி யார் கையில்?

காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் வந்தால் எங்கள் ஊர். 28 வருடம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். ஊருக்கே நான் ‘சத்துணவு டீச்சர்’. ஒரு பாடமும் நடத்தியதில்லை. ஆனால் எந்தப் பிள்ளை தட்டோடு ஓரமாகப் போய் உட்காரும், எது இன்னொரு கரண்டி கேட்கக் கூசிக்கொண்டு அரை வயிற்றோடு எழுந்திருக்கும் என்பது எனக்கு அத்துப்படி. பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர்களுக்கு அது தெரியாது.

ஓய்வு பெற்றபின் ஒன்பது வருடமாக, சாயங்காலங்களில் பிள்ளைகளைச் சேர்த்துக் கபடி, கும்மி, ஊருணி வேலை என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து ஊர்க்காரர்கள் “எப்படி டீச்சர் ஆரம்பிக்கிறது?” என்று கேட்டு வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களிடம் ஒரு பையன் வந்தான், ஒன்பதாம் வகுப்பு. பேர் கேட்டால் பக்கத்தில் இருப்பவன் சொல்வான். எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். சுதந்திர தினத்துக்கு நாலு வரி எழுதிக் கொடுத்து மேடையில் ஏற்றிவிட்டேன். ஏறினான், மைக்கைப் பார்த்தான், இறங்கிப் போய்விட்டான். ஒரு மாதம் தலைகாட்டவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டு வந்த அன்றைக்கு என்ன செய்வதென்று தெரியாமல், சாமான் கொட்டகைச் சாவியை அவன் கையில் கொடுத்தேன். மண்வெட்டி, சல்லடை, சுண்ணாம்பு டப்பா, சிலம்பக் கம்பு எல்லாம் உள்ளே. அவன் வந்தால்தான் கதவு திறக்கும்.

இரண்டாவது வாரம் ஒருநாள் பத்து நிமிடம் பிந்தி வந்தான். வாசலில் பதினாலு பேர் நிற்கிறார்கள். “எங்கடா போய்த் தொலைஞ்ச?” என்று ஒருத்தி கத்தினாள். “அப்பத்தாவுக்கு மாத்திரை வாங்கப் போனேன். இப்ப என்ன அதுக்கு?” என்றான். அவன் குரலை அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டேன்.

அந்தப் பத்து நிமிடத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது: “பயப்படாதே, பேசு” என்று பிள்ளையிடம் சொல்லிப் பிரயோசனமில்லை. நாலு பேர் அவனுக்காகக் காத்து நிற்கிற மாதிரி ஒரு வேலையை அவனிடம் விட வேண்டும். கபடி, கோலம், ஊருணி எல்லாம் அந்த வேலைகளைக் கண்டுபிடிக்க ஒரு சாக்கு. கீழே வருகிற எல்லாவற்றையும் அப்படியே படியுங்கள்.

இடம்

செட்டிநாட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை, திறப்பதற்குத்தான் ஆளில்லை. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு என்று நீளும் வீடுகள். சொந்தக்காரர்கள் சென்னையில், மலேசியாவில். முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் வளவில், அதாவது உள்முற்றத்தில், விளக்கு எரியும். ஒரு வீட்டுக்குப் பத்துப் பங்கு இருக்கும். ஒன்பது பங்காளிகள் சரி சொல்லி, பத்தாவது ஆள் போனை எடுக்காவிட்டால் காரியம் கெட்டது.

ஆகவே வீட்டைக் கேட்காதீர்கள். திண்ணையைக் கேளுங்கள், அல்லது பின்பக்கத்துக் கொட்டகையைக் கேளுங்கள். எந்தெந்த நாளில் அவர்களுக்கு அது வேண்டும் என்பதை முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கிடைத்தது பழைய மாட்டுக் கொட்டகை. பதிலுக்கு வாரம் ஒருமுறை வாசல் பெருக்குகிறோம், ஓட்டின்மேல் ஆலங்கன்று முளைத்தால் படம் எடுத்து அனுப்புகிறோம். பிடுங்கப் பிள்ளைகளை ஏறவிடக் கூடாது. மழைக்காலத்தில் நாட்டு ஓடு பாசி பிடித்து வழுக்கும்.

ஆடுவதற்குப் பொட்டல் போதும். பள்ளி மைதானம் வேண்டுமென்றால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்ச்சொல் அவர் மாறுதலாகிப் போகும்வரைதான்.

நேரம் ஐந்திலிருந்து ஆறரை. கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கே முடித்துவிடுவோம். இதை நான் முடிவு செய்யவில்லை, அம்மாக்கள் முடிவு செய்தார்கள். பெண் பிள்ளைகள் வரவேண்டுமானால் முதலில் அம்மாக்களைத்தான் கேட்க வேண்டும்.

போஸ்டர் அடிக்காதீர்கள். போஸ்டரைப் பார்த்து வருவது ஏற்கெனவே தைரியம் இருக்கிற பிள்ளை. அது எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்ளும். நமக்கு வேண்டியவர்களை வீடு வீடாகப் போய்த்தான் கூப்பிட வேண்டும். முதல் மாதம் எங்களிடம் இருந்தது ஐந்து பேர். நான் வைத்த சுண்டலுக்காக வந்தவர்கள் அதில் மூன்று பேர் என்று இன்றும் நினைக்கிறேன்.

களம்

கபடிக்குச் செலவே இல்லை என்பார்கள். களம் உருவாக்கிப் பார்த்தவர்கள் சொல்லமாட்டார்கள். எங்கள் பக்கம் செஞ்சரளை மண். அதில் விழுந்தால் முழங்கால் தோல் உரிந்துவிடும். ஆண்களுக்கு 13 மீட்டருக்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12-க்கு 8 என்பது கபடிக் களத்தின் அளவு. பெரிய அளவாகவே குறித்து, அரை முழ ஆழத்துக்கு வெட்டி, சரளையைச் சலித்து எடுத்து, மணலும் மரத்தூளும் கலந்து, தண்ணீர் தெளித்துக் காயவிட்டோம். ஐந்து பேர், மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் ஒருவரும் ஆடவில்லை. அதுவே நல்லதாகப் போயிற்று. பிறகு யார் களத்தில் செருப்போடு நடந்தாலும், குரலே எழுப்பாத பிள்ளைகள் “அண்ணே, செருப்பு!” என்று அதட்ட ஆரம்பித்தார்கள். வெட்டியவனுக்குத்தானே வலிக்கும்.

முதல் மாதம் ஆட்டம் வேண்டாம், விழப் பழகட்டும். தோளைச் சுருட்டி உருளுவது, கையை ஊன்றாமல் விழுவது. பக்கத்து ஊரில் அந்தக் காலத்தில் மாவட்ட அளவில் ஆடிய ஒருவர், இப்போது டிராக்டர் ஓட்டுகிறார், வாரம் இரண்டு நாள் வந்து சொல்லிக்கொடுக்கிறார். அவர் பிள்ளைகளிடம் சொல்வது: “விழுகிறதுக்குப் பயந்தவன் பிடிக்கவே மாட்டான்.”

கபடியை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் அந்தப் பாட்டு. எதிர்க்களத்துக்குள் போகிறவர் ‘கபடி, கபடி’ என்று மூச்சு விடாமல், நடுவருக்குக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். முப்பது வினாடிக்குள் திரும்ப வேண்டும். வாய்க்குள் முனகினால் செல்லாது. வாயே திறக்காத பிள்ளை, ஏழு பேர் சுற்றி நிற்கையில், அந்நியர் இடத்தில், உரக்கச் சொல்லித்தான் ஆக வேண்டும். வேறு எந்த விளையாட்டில் இப்படி ஒரு விதி இருக்கிறது? எங்கள் பயிற்சியில் முதலில் களமில்லாமல் இதை மட்டும் செய்வோம். ஊருணிக் கரையில் வரிசையாக நின்று, மறுகரையில் இருப்பவர் கை தூக்கும்வரை பாட வேண்டும். கேட்காவிட்டால் கை ஏறாது. முதல் நாள் சிரிப்பார்கள், நாலாவது நாள் போட்டி போடுவார்கள்.

பெண் பிள்ளைகள் டிராக் பேண்ட் போட்டதற்குப் பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். நான் வாதாடவில்லை. முணுமுணுத்த இரண்டு அப்பத்தாக்களையும் களத்து ஓரம் நாற்காலி போட்டு உட்காரவைத்து, “யார் கோடு தாண்டுறாங்கன்னு பார்த்துச் சொல்லுங்க ஆத்தா” என்றேன். இப்போது அவர்கள் இருவரும்தான் எங்கள் லைன் அம்பயர். “ஏட்டி, போனஸ் கோடு தொடலை, திரும்பு!” என்று ஒருவர் கத்துவதை நீங்கள் வந்து பார்க்க வேண்டும்.

ஆட விருப்பமில்லாத பிள்ளைக்குப் புள்ளி எழுதும் பலகையைக் கொடுங்கள். ஸ்கோர் எழுதுகிறவன் தப்பு செய்தால் இரண்டு அணியும் அவன்மீது பாயும், அவனும் விளக்கம் சொல்லியாக வேண்டும். சிலம்பமும் கற்றுத் தருகிறோம். கம்பு அவரவர் நெற்றி உயரத்துக்கு இருக்க வேண்டும், இரண்டு பேருக்கு நடுவே கம்பு சுழலும் இடைவெளி வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கபடி, சிலம்பம் இரண்டும் உண்டு. ஆனால் முதல் வருடமே அங்கே அனுப்பாதீர்கள். முதல் சுற்றில் தோற்று, பஸ்ஸில் வீடு திரும்பும் பிள்ளையைத் தேற்றுவது பெரும்பாடு.

தெரு

எழுதக் கூசுகிற விஷயம், ஆனால் எழுதாமல் இந்த வழிகாட்டிக்கு அர்த்தமில்லை. எங்கள் ஊரில் அணி பிரிக்கச் சொன்னால் பிள்ளைகள் தெருவாரியாகப் பிரிவார்கள். தெரு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். முதல் வருடம் நான் கண்டுகொள்ளாமல் விட்டேன், தானாகச் சரியாகும் என்று. ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் பிடித்த பிடி கைகலப்பாகி, பெரியவர்கள் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். பத்து நாள் களத்தைப் பூட்டி வைத்தேன்.

அன்றிலிருந்து திருவுளச்சீட்டுதான். டப்பாவில் சீட்டுப் போட்டு, இருப்பதில் சின்னப் பிள்ளை எடுக்கும். வாரா வாரம் அணி மாறும். தண்ணீருக்கு ஒரே பானை, ஒரே செம்பு. இதை ஏற்காத வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரை இழந்தேன். வருத்தம்தான். ஆனால் அவர்களுக்காகச் செம்பை இரண்டாக்கியிருந்தால் மற்றப் பிள்ளைகள் என்னிடம் என்ன கற்றிருப்பார்கள்?

கும்மியும் பூக்கல்லும்

திருவிழாவுக்கு முளைப்பாரி போட்டால், பயறு முளைத்து வளரும் இரவுகளில் சுற்றி நின்று கும்மி கொட்டுவோம். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும். இதில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் அடியெடுப்பவர் மாற வேண்டும். பழைய பாட்டு தெரியாதென்று தப்பிக்கக் கூடாது, சொந்தமாகக் கட்டலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கட்டியது:

ஏழரை பஸ்ஸு வந்ததடி – எங்க
ஊரைப் பாத்ததும் ஓடுதடி
கையைக் காட்டி நின்ன புள்ள – ரோட்டுல
கண்ணு செவந்து நிக்குதடி

மூன்றாவது சுற்றுக்குள் கோயில் திடலே பாடியது. கட்டியவளுக்குப் பேசும்போது நாக்குத் திக்கும். திக்கிப் பேசுகிற பலருக்குப் பாடும்போது திக்குவதில்லை. அதனால் அவள் குணமாகிவிட்டாள் என்று நான் சொல்லவில்லை, இன்னும் திக்கித்தான் பேசுகிறாள். ஆனால் யாராவது அவள் சொல்லவந்ததை முந்திக்கொண்டு முடித்துவைத்தால், “இரு, நா-நானே சொல்றேன்” என்கிறாள். முந்திக்கொண்டு முடித்துவைக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது.

பேச்சுப் போட்டியைப் பற்றிக் கேட்பீர்கள். காரைக்குடிப் பக்கம் பேச்சுக்குக் குறைவா? சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகம் இருக்கிறது. வருடந்தோறும் கம்பன் விழாவுக்குப் பிள்ளைகளைக் கேட்கக் கூட்டிப்போகிறேன். ஆனால் யாரோ எழுதிக் கொடுத்ததை நெட்டுருப் போட்டுக் கையை ஆட்டி ஒப்பிக்கும் போட்டிக்கு அனுப்புவதில்லை. நடுவில் ஒரு வரி மறந்தால் பிள்ளைக்குப் போக்கிடம் இல்லை. தான் செய்த வேலையைப் பற்றிப் பேசுகிறவனுக்கு வரி மறந்தாலும் வேலை மறக்காது.

கைவேலையில், பூக்கல் என்கிற பூப்போட்ட தரைக்கல்லுக்குப் பேர்போன ஆத்தங்குடி எங்களுக்குப் பக்கத்திலேயே இருப்பது பாக்கியம். பட்டறைக்காரரிடம் கேட்டு, ஆளுக்கொரு கல் செய்ய வைத்தோம். கண்ணாடிமேல் இரும்புச் சட்டத்தை வைத்து, உள்ளே டிசைன் அச்சை இறக்கி, அறை அறையாகக் கரைத்த கலரை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் ஈரக் கலவையைப் போட்டு மட்டப்படுத்த வேண்டும். பிறகு உலர்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊற வேண்டும். வேலை முடியும்வரை நீங்கள் பார்ப்பது கல்லின் முதுகைத்தான். கண்ணாடியிலிருந்து கழற்றும்போதுதான் முகம் தெரியும். “நல்லா வந்திருக்கா?” என்று நிமிடத்துக்கு ஒருதரம் கேட்டு நச்சரிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை, ஒருவருக்கும் பதில் தெரியாது. ஒருநாள் பார்வையிடல், ஆளுக்கொரு கல், அதோடு சரி. கற்றுத்தருகிறேன் என்று பிள்ளைகளைப் பட்டறை வேலைக்கு விட்டுவிடாதீர்கள்.

மூலை உடைந்த கற்களை அவர் சும்மா கொடுத்தார். அதை வைத்து எங்கள் பஸ் நிறுத்தத்துத் திண்ணைக்கு முகம் போட்டோம். ஊராட்சியிடம் எழுதி வாங்கிக்கொண்டுதான். என்ன டிசைன் என்று வந்தபோது நடுவீட்டுக் கோலம் என்றார்கள். அந்தக் கோலத்தின் முறை தெரிந்தவர் ஊரில் ஓர் ஆச்சி. எண்பது வயதுக்கு மேல், எட்டுக்கட்டு வீட்டில் தனியாக. தினம் நாலு பிள்ளைகள் போய் நோட்டில் போட்டுக் காட்டுவார்கள், அவர் அழித்துத் திரும்பப் போடச் சொல்வார். “எங்க வீட்டுப் பேரப்புள்ளைக போன்ல கூட இவ்வளவு கேக்கலை” என்றார் ஆச்சி. வேலை முடிய நாலு மாதம். ஒரு மூலையில் கோடு நேராக வரவில்லை. மாற்றலாமா என்று நான் கேட்டதற்குப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டு வேண்டாம் என்றார்கள். எனக்கு இன்னும் அந்த மூலை உறுத்துகிறது.

கலையில் முன்னேறுகிற பிள்ளைகளுக்கு, 18 வயதுவரை மாவட்ட அளவில் ‘கலை இளமணி’ விருது இருக்கிறது, விசாரித்து விண்ணப்பியுங்கள்.

ஊருணி

இங்கேதான் நான் பெரிய தப்பு செய்தேன். எங்கள் ஊருணிக்கு வரத்துக்கால் சீமைக் கருவேலம் அடைத்துத் தூர்ந்துபோயிருந்தது. மழை பெய்தாலும் தண்ணீர் ரோட்டில் ஓடும். பிள்ளைகளுக்காக நானே மனு எழுதி, நானே போய்க் கொடுத்து, நானே பதிலுக்காக அலைந்தேன். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் எனக்குத்தான் தைரியம் கூடியிருந்தது!

அடுத்த வருடம் பேனாவைத் தொடவில்லை. பிள்ளைகள் கயிற்றில் முழத்துக்கு முழம் முடிச்சுப் போட்டு வரத்துக்காலை அளந்தார்கள். எந்த இடத்தில் அடைப்பு, எங்கே குழாய் உடைசல் என்று சார்ட்டில் வரைந்தார்கள். வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பேர் இருப்பவர்கள்தான் அதில் உறுப்பினர்கள். எங்களிடம் 19 வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் எழுந்து பேச, சின்னவர்கள் சார்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதல் தடவை “பார்க்கலாம்மா” என்றார்கள். இரண்டாம் தடவையும் அதே. மூன்றாம் தடவை அவள், “பார்க்கலாம்னு சொன்னதைத் தீர்மானப் புத்தகத்துல எழுதுங்க” என்றாள். கூட்டம் சிரித்தது, ஆனால் எழுதினார்கள். எழுதியது நடக்க மேலும் ஏழு மாதம்.

குன்றக்குடி அடிகளாரைப் பட்டிமன்றத்துக்காகத்தான் பலர் நினைவு வைத்திருக்கிறார்கள். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையத்து விஞ்ஞானிகளைக் கிராமத்துக்குக் கூட்டிவந்து ஊருக்கே திட்டம் போட்டவரும் அவர்தான். பக்கத்தில் கல்லூரியோ ஆய்வுக்கூடமோ இருந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்கப் பிள்ளைகளை அனுப்புங்கள்.

சில கறார்கள். ஊருணிக்குள் மழைக்குப்பின் ஒருவரும் இறங்கக் கூடாது; கரையோரம் முழங்கால், நடுவில் சேறு ஆளை விழுங்கும். அரிவாள் வேலை 18 தாண்டியவர்களுக்கு மட்டும். எந்த மரத்தையும் கேட்காமல் வெட்டக் கூடாது. கருவேலம் என்று நினைத்து ஒருவருடைய வேலியோர மரத்தை எங்கள் ஆட்கள் சாய்த்து, நான் போய் மன்னிப்புக் கேட்டு, பத்து வேப்பங்கன்று வைத்துக் கொடுத்தேன். பெரியவர் எவரும் ஒரு பிள்ளையோடு தனியாகக் கொட்டகைக்குள் இருக்கக் கூடாது, நான் உட்பட. கதவு திறந்தே இருக்கும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறோம், அது எதற்கென்று எல்லோருக்கும் தெரியும்.

காசும் பொன்னாடையும்

உண்டியல் டப்பா ஒருவரிடம், கணக்கு நோட்டு இன்னொருவரிடம். மாதக் கடைசி ஞாயிறு எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். ஒருமுறை 40 ரூபாய் இடித்தது. கணக்குப் பிள்ளை அழுதாள். யாரும் திட்டவில்லை, உட்கார்ந்து கூட்டினோம். சுண்ணாம்பு வாங்கியதை எழுத மறந்திருந்தாள். அடுத்த மாதத்திலிருந்து நான் சுண்டலுக்குப் பயறு வாங்கினால்கூட “ரசீது எங்கே டீச்சர்?” என்கிறாள்.

பெரிய மனிதர்கள் வந்து பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துப்போக ஆசைப்படுவார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பகைத்துக்கொள்ள வேண்டாம். “வாங்க, வந்து பிள்ளைகளோட ஒரு மணி நேரம் மண்ணு சலிங்க, அப்புறம் படம் எடுக்கலாம்” என்பேன். பாதிப் பேர் வருவதில்லை. வந்தவர்களில் ஒருவர் இப்போது மாதாமாதம் வருகிறார்.

பிள்ளைகள் போய்விடுவார்கள், அதற்குத் தயாராக இருங்கள். ஒருத்தி கோயம்புத்தூர் நர்சிங் கல்லூரிக்கு, ஒருவன் திருப்பூருக்கு, சாவிக்காரப் பையன் சிங்கப்பூருக்கு. போகிறவர்கள் போவதற்கு முன்னால் தங்கள் வேலையை இன்னொருவருக்கு ஒரு மாதம் கூடவே இருந்து பழக்க வேண்டும். சாவியை யாரிடம் கொடுப்பது என்பதையும் அவர்களே சொல்ல வேண்டும். அவன் கைகாட்டியது பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியை. நான் அவளை நினைத்திருக்கவே மாட்டேன்.

போன ஐப்பசியில் ஒருநாள் நாலரைக்கே வந்துவிட்டேன், நல்ல மழை. கொட்டகை பூட்டியிருந்தது. என்னிடம் மாற்றுச் சாவி இல்லை, வைத்துக்கொள்ளக் கூடாது என்று நான் போட்ட விதிதான். இறவாரத்தில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றேன். சரியாக ஐந்துக்குக் குடையோடு வந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அஞ்சு மணிக்குத்தானே டீச்சர் திறப்போம்? யாரு உங்களை முன்னாடியே வரச் சொன்னது?”

நகர்ந்து வழிவிட்டேன். திறந்தாள்.